நுணுக்கம் தெரிந்த செயலாளர்

அன்புள்ள கோவிந்தா,

மஞ்சள் காமாலையில் நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாளாகிறது. நம் சுரங்கக் குடியிருப்பின் பிளாக் படிப்பகத்தில் உன் பெயரைச் சொல்லி எல்லோரும் இரண்டு நிமிடம் எழுந்து நிற்க வேண்டும் என்று நேற்றுக் கேட்டேன். நடந்ததைக் கேள்.

செயலாளரை உனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் பேப்பர் படிக்க வந்த உன்னை உட்கார விடாத மகான். "படிக்கிறது வேற, உட்கார்றது வேற. நாற்காலி மெம்பருக்குத்தான். கான்ட்ராக்ட் ஆளுங்க நின்னு படிக்கலாம். இந்த நுணுக்கம் புரியணும்ப்பா" என்பார். அந்த மேதைக்கு நுணுக்கம் என்ற சொல் வெற்றிலை மாதிரி. எந்நேரமும் வாயில் கிடக்கும்.

"நுணுக்கம்னா இன்னா மச்சான்?" என்று ஒருநாள் வெளியே வந்து கேட்டாய். ஒன்றுபோலத் தெரிவதில் இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது என்றேன்.

"பெல்ட்டுல கரியோட கலந்து வர்ற களிமண்ண நின்னுகினே பொறுக்கிப் போடறனே, அதுவா? அப்ப அது எனக்கில்ல தெரியும், அந்தாளுக்கு எங்க தெரியுது?" என்று சிரித்தாய்.

உண்மைதான். உன் கை தவறியும் ஒரு கட்டி கரியை வீசியதில்லை. இருக்கிற வித்தியாசத்தைப் பார்ப்பது நுணுக்கம். இல்லாததை உண்டாக்கிப் பிரிப்பதற்கு அற்பத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் இருக்கிறதா?

நேற்று அந்த மனிதர் சொன்னார்: "மெம்பருக்கு அஞ்சலி உண்டு. மெம்பரோட உறவுக்காரங்களுக்கும் உண்டு. வெளியாளுக்கு அனுதாபம் மட்டும்தான். அனுதாபத்துக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை."

முப்பது பேர் தலையாட்டினார்கள். வேலை பர்மனென்ட், முதுகெலும்பு மட்டும் லீவு. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"கோவிந்தன் உங்களுக்கு உறவா சார்?"

நீ என் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிட்டவன். அவள் பிரசவத்தில் உன் வீட்டுக்காரி பத்து நாள் எங்கள் குவார்ட்டர்ஸிலேயே கிடந்து பார்த்துக்கொண்டாள். ஆனால் திருநெல்வேலியிலிருந்து என்னோடு வேலைக்கு வந்த என் சாதிக்காரர்கள் நாலு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

"இல்ல சார், தெரிஞ்சவர்" என்றேன்.

உறவு வேறு, தெரிந்தவர் வேறு. த்தூ! செயலாளர் உனக்கு நாற்காலியைத்தான் மறுத்தார். நான் உன்னையே மறுத்துவிட்டேன். விஷயம் தெரிந்ததிலிருந்து உன் தங்கச்சி என்னோடு பேசவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்த நாலு பேர் முன்னால் எழுந்து, செத்தவன் என் மச்சான் என்று சொல்வேன். யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, நான் இரண்டு நிமிடம் நிற்பேன். இது சத்தியம்.

கேட்ட அன்று சொல்லாத,
உன் தங்கச்சி புருஷன்
சுப்பையா