விசில் ஊதியவர் வெளியே வரவில்லை

அன்பு மகன் கோமதிசங்கருக்கு,

தென்காசியிலிருந்து அம்மா எழுதுவது. நான் சுகம், உன் அப்பாவும் உடம்புக்குச் சுகம். பட்டாளத்துச் சாப்பாடு வேளைக்குக் கிடைக்கிறதா? போனில் அப்பா பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதி, பக்கத்து வீட்டு சமீனாவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். முழுக்கப் படி.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மாடன் சித்தப்பாவும் மெயின் அருவிக்குக் குளிக்கப் போனார்கள். மலையில் மழை, பாதுகாப்புக்குக் கட்டிய ஆர்ச் வளைவைத் தாண்டித் தண்ணீர் விழ, சைரன் அடித்து எல்லாரையும் வெளியேற்றியிருக்கிறார்கள். அப்பாவும் வெளியே வந்துவிட்டார். அப்போது காவலுக்கு நின்ற சின்ன வயசுப் போலீஸ்காரர், "பெரியவரே, கை நடுங்குது, என்னப் பிடிச்சுக்கிடுங்க" என்றாராம். அவ்வளவுதான். பதினைந்து சீசன் அதே அருவியில் விசில் ஊதி ஆட்களை விரட்டிய, ரிட்டயரான ஏட்டையா அல்லவா இவர்! கையை உதறிவிட்டுத் திரும்ப உள்ளே போய் நின்றுவிட்டார். இழுத்து வரப் போன சித்தப்பா மேல் தண்ணீரோடு வந்த மரக்கட்டை மோதி இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நாளைக் காலை எட்டு மணிக்குச் சித்தப்பாவுக்கு ஆபரேஷன். நடப்பாரா என்று அதற்கப்புறம்தான் சொல்ல முடியுமாம். "அண்ணன் மேல கோவமில்ல மதினி, உள்ள கொண்டு போறதுக்கு முன்னால ஒருக்கா மூஞ்சியக் காட்டச் சொல்லுங்க" என்று சித்தப்பா அழுகிறார். இவரோ, "அவன யாரு உள்ள வரச் சொன்னா? ஏட்டி, நான் எதுக்குப் போவணும்?" என்று கத்துகிறார். கத்துகிற மனுஷன் மூன்று நாளாகச் சோறு தொடவில்லை. எனக்கு ஆத்திரமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. தம்பி கட்டில் பக்கம் போனால் அழுதுவிடுவோமோ என்று பயம் அவருக்கு, அதை மறைக்கத்தான் இத்தனை சத்தம்.

நீ மட்டும் லேசுப்பட்டவனா? பொங்கலுக்கு வந்தபோது, கை நடுங்குகிறவர் பைக் ஓட்டக் கூடாது என்று தெருவில் நாலு பேர் முன்னால் சாவியைப் பிடுங்கினாய். சொன்னது சரி, சொன்ன இடம்தான் தப்பு. அன்றிலிருந்து யார் முந்திக் கூப்பிடுவது என்று இரண்டு பேருக்கும் வீம்பு.

இன்று சாயங்காலத்துக்குள் அப்பாவைக் கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லாதே, சொன்னால் போக மாட்டார். "சித்தப்பாவை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்காகப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள் அப்பா" என்று கேள். பட்டாளத்துக்காரன் அப்படிச் சொல்வதா என்று கூசாதே. பயமாக இருக்கிறது என்று இந்த வீட்டு ஆம்பிளை ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நீ முதலில் சொல்லு ராசா.

பண்பொழி முருகன் உன்னைக் காப்பான். காலையில் எட்டு மணிக்கு ஆபரேஷன், மறந்துவிடாதே.

உன் அம்மா
சங்கரேஸ்வரி