ராஜாளியை நெருங்கும் விதம்

அன்பு மகளுக்கு,

நீ வீட்டைவிட்டுப் போனபோது எடுத்துப்போகாத கேமராவை இப்போது நான்தான் தூக்கிக்கொண்டு பெருமுக்கல் மலை ஏறுகிறேன். உச்சிப் பாறையில் ஒரு ராஜாளி உட்காருகிறது. அதை நோக்கி நேராக நடந்த போதெல்லாம் வெறும் வானம்தான் படத்தில் விழுந்தது. ஆடு மேய்ப்பவர்களைக் கண்டு மட்டும் அது பறக்கவில்லை. அவர்கள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது பிறகுதான் புரிந்தது. நானும் வேறெங்கோ பார்த்தபடி சுற்றி வளைத்து நடந்தேன். பறக்காமல் இருந்தது. அதன் கண்கள்கூடப் படத்தில் தெளிவாக இருக்கின்றன.

நேற்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நீ நின்றிருந்தாய், இடுப்பில் குழந்தையோடு. நேராக வந்தால் போய்விடுவாயோ என்று பயந்து, மலையில் நடந்ததுபோலவே நடந்தேன். பூக்கடை வரை வந்து நிமிர்ந்தால் நீ இல்லை.

பூக்காரம்மாதான் சொன்னாள்: “அந்தப் பொண்ணு உன்னயே பாத்துக்கினு நின்னுச்சுய்யா. கொழந்தைக்கு ‘தாத்தா பாரு’ன்னு காட்டுச்சு. நீதான் மூஞ்சத் திருப்பிக்கினு வந்த. அழுதுக்கினே பஸ் ஏறிடுச்சு.”

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

உன்னைப் பார்க்கத்தான் வந்த,
அப்பா