ஏழு மீனை நம்பி எழுதிய அறிக்கை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன். இன்று அதைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பந்துபோல் ஊதிக்கொள்ளுமே, அந்த ஊதுமீனின் சினையைத் தொடாதே. ஈரல், சதை எதுவும் வேண்டாம். வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் அதன் நஞ்சு போகாது. யாராவது ஏற்கெனவே சாப்பிட்டு உதடு மரத்துப்போனால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் படகைக் கரைக்குத் திருப்புங்கள்.

போன குளிர்காலத்தில் ஏழு மீனை வாளியில் கொண்டுவந்து என் ஆய்வுக்கூட மேசைமேல் வைத்தாயே, அவைதான் என்னைக் கெடுத்தன. வெட்டிப் பார்த்தபோது சினைப்பை நூல்போல் ஒட்டிக் கிடந்தது. வெதுவெதுப்பான கடலில் வாழும் மீன், வழிதவறி நம் பக்கம் வந்திருக்கிறது, நம் கடலின் குளிரில் எந்தக் காலத்திலும் சினை பிடிக்காது என்று அறிக்கை எழுதிவிட்டேன். நஞ்சுள்ள சினைதான் இல்லையே, ஈரலை எடுத்துவிட்டால் பயமில்லை என்று உன்னிடம் வேறு வாயை விட்டேன். ஏழும் குளிர்காலத்தில் பிடித்தவை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

இந்தக் கோடையில் இன்று காலைதான் புதிதாகச் சிலவற்றை வெட்டினேன். வயிறு கொள்ளாமல் மஞ்சள் சினை. மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை அறுத்து வளையங்களை எண்ணினால் இரண்டு வயதுதான், ஆனால் முழங்கை நீளம் வளர்ந்திருக்கிறது. கரைவலையில் சுண்டுவிரல் அளவுக் குஞ்சுகளும் அகப்பட்டன. வழிதவறி வந்ததாவது, இங்கேயே குடும்பம் நடத்துகிறது.

உங்கள் படகில் சினை எப்போதும் எஞ்சின்காரனான எனக்குத்தான் என்று நீ பெருமையடித்தது நினைவுக்கு வந்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். கீழே வெக்கையில் வேகிறவனுக்கு மற்றவர்கள் விட்டுக்கொடுக்கும் பங்கு அது. யாராவது தயங்கினாலும், "எங்க அக்காவே பார்த்துச் சொல்லியிருக்கா, பயப்படாம சாப்பிடுங்கடா" என்றுதான் நீ சொல்வாய். உன்னை எனக்குத் தெரியாதா?

துறைமுக அலுவலகத்திலிருந்து வானொலியில் மூன்று முறை உங்கள் படகைக் கூப்பிட்டார்கள். வெறும் இரைச்சல்தான். மதியம் உங்களுக்கு ஐஸ் கொண்டுவரும் படகில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். என் முகத்தைப் பார்த்து அம்மா, "ஏன்டி பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள். தலைவலி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

தவறு என்னுடையது என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்றப் படகுகளுக்கும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். என் வேலை போனால் போகட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசையும் சேர்த்து இருக்க வேண்டும். ஐஸ் படகு திரும்பும்போது பதில் கொடுத்தனுப்பு. என்னைத் திட்டி எழுது, பக்கம் பக்கமாகத் திட்டி எழுது. ஆனால் நீயே உன் கையால் எழுது. உன்னைப் பற்றி வேறொருவர் கையெழுத்தில் கடிதம் வந்தால் என்னால் பிரிக்க முடியாது.

உன் அக்கா