ஓட்டு தள்ளிப்போன வார்டு

1999 ஜூன் 11, வெள்ளி

காலையிலேயே அனல். மலைப் பக்கம் ஒரு மேகம்கூட இல்லை. தைக்க வேண்டிய ஜாக்கெட் மூன்று பாக்கி. நகராட்சியிலிருந்து தகவல்: எல்லையில் சண்டை நடப்பதால் எங்கள் வார்டு இடைத்தேர்தல் ஒத்திவைப்பு. தேதி பிறகாம். பழைய கவுன்சிலர் இறந்ததிலிருந்து எங்களுக்காகப் போய்க் கேட்க ஆளில்லை. குழாயில் வாரம் ஒரு முறை தண்ணீர், அதுவும் நூல் மாதிரி. அதற்காகத்தான் நான் தேர்தலில் நிற்க மனுவே போட்டேன்.

வீட்டுக்காரர் ஆட்டோவைத் துடைத்தபடி, "நாட்டுக்கே ஆபத்துன்றப்ப ஓட்டு பெரிசா ஜரீனா?" என்றார். சரிதான். ஆனால் சண்டை நடக்கும்போதும் தாகம் எடுக்கிறதே.

ஜூன் 14, திங்கள்

டீக்கடையில் ஒருவன், என் காதில் விழவேண்டும் என்றே: "இப்ப ஓட்டு வெச்சா கஸ்தூரிதான். பையன் பார்டர்ல கீறான். டைலரம்மா ஆளுங்க எந்தப் பக்கமோ."

நான் பிறந்ததே இந்தத் தெருவில். பால் வாங்காமல் திரும்பினேன். வீட்டில் சொல்லவில்லை.

கஸ்தூரி அக்கா எதிர் வீடு. தேர்தலில் எனக்கு எதிராக நிற்பவரும் அவரே. மனு போட்ட நாள் முதல் பேச்சு இல்லை.

ஜூன் 23, புதன்

சாயங்காலம் அக்கா வாசலில் தனியாக. அழுத முகம். போவதா வேண்டாமா? போனேன்.

"பையன்கிட்டருந்து போன் வந்து ரொம்ப நாளாச்சு ஜரீனா. டிவியப் போடவே பயமாக்கீது."

டீக்கடைப் பேச்சு அவருக்கும் எட்டியிருக்கிறது. "உன்னைத் திட்டறதுக்கு எம்புள்ள பேர எதுக்கு இழுக்கறான்?" இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம்.

ஜூன் 28, திங்கள்

குழாய் அடியோடு நின்றது. அக்காவும் நானும் நகராட்சிக்கு. அதிகாரி நிமிராமல், "உங்க கவுன்சிலர் யாரு?"

அக்கா சொன்னார்: "இல்லீங்க. நாங்க ரெண்டு பேரும்தான் எதிரெதிரா நிக்கறோம். யார் ஜெயிச்சாலும் குடிக்கத் தண்ணி வேணும்ல?"

அதிகாரி சிரித்துவிட்டார். சாயங்காலம் தண்ணீர் லாரி.

ஜூலை 7, புதன்

அக்கா மகனுக்குக் காலில் குண்டு. உயிருக்கு ஆபத்தில்லை. வடக்கே ராணுவ ஆஸ்பத்திரி. அக்கா கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை எங்கள் ஆட்டோ. வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொடுத்தேன். மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

சண்டை ஓய்ந்தது. தேர்தலுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். அக்கா இன்னும் மகன் பக்கத்தில். அவருக்காகச் சுற்ற இங்கே யாருமில்லை. நான் வீடு வீடாக, வீட்டுக்காரரும் கூட.

மூலை வீட்டம்மா: "கஸ்தூரி வரலியே, விலகிக்கிச்சா?"

பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாலே அந்த வீட்டு ஓட்டு அத்தனையும் எனக்கு. ஒரு நொடி சும்மாதான் இருந்தேன்.

"இல்லீங்க, நிக்கறாங்க. அவங்க சின்னம் குடை. என்னுது பூட்டு."

இரண்டு தெரு தாண்டியதும் வீட்டுக்காரர், "நாளைக்குக் கீழத்தெரு. அங்கயும் குடைன்னு சொல்லுவியா?"

சொல்வேன் என்றேன்.