எனக்குப் பின்னால் நின்றவர்

செப்டம்பர் 3, செவ்வாய்

வெள்ளிக்கிழமை மைலேன் மியாமிக்கு விமானம் ஏறுகிறாள். ஒரே மகள், போனால் இனி எப்போது பார்ப்பேனோ. அவள் இருக்கும் ஒல்கினுக்குப் பேருந்து இன்றும் இல்லை. காமகுவே நிலையத்தில் மூத்திர நாற்றமும் ஈயும். கியூபாக்காரருக்குப் பாதி ஆயுள் காத்திருந்தே போகிறது. சீ!

செப்டம்பர் 4, புதன்

ஆளேற்றும் லாரிதான் கதி. விடிந்ததும் போய், "வரிசைல கடைசி யாரு?" என்று கத்தினேன். ஒரு கிழவர் கை தூக்கினார். அவருக்கு அடுத்து நான். பிறகு அவரவர் நிழலில் கிடக்கலாம்; யாருக்குப் பின் யார் என்பது நினைவிருந்தால் போதும்.

எனக்குப் பின்னால் வந்து வாய்த்தார் ஒருவர். பெயர் எவுலோகியோவாம், நான் கேட்கவில்லை. சாக்கில் பூண்டும் பாலாடைக்கட்டியும். வெயிலில் கசிந்து ஒழுகுகிறது. சுருட்டை மென்று என் செருப்பருகே துப்புகிறார்.

"நாளைக்குக் காலைல ஒல்கின்ல மகனுக்கு ஆபரேஷன், தாயி. அப்பா வந்தாத்தான் உள்ள போவேங்கிறான்."

பாவம்தான். ஆனாலும் அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

மதியம் எழுந்தார். "வயிறு கலக்குது தாயி. லாரி வந்தா நான் இருக்கேன்னு சொல்லிடு." சாக்கையும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அந்த நேரம் பார்த்து லாரி. அவருக்கு அடுத்தவள், சிவப்புச் சாயத் தலைக்காரி, கேட்டாள்: "அக்கா, சாக்குக்காரர் எங்க? வருவாரா?"

"போயிட்டார்."

அவருக்கும் இடம் இருந்திருக்கும். அந்த நாற்றத்தோடு அஞ்சு மணி நேரம் தொடை உரச உட்கார முடியாது — அவ்வளவுதான் காரணம். லாரி நகரும்போது பார்த்தேன். கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "தாயி! தாயி!" நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

மைலேன் வீடு. இரண்டு முறை குளித்தேன். பயணம் எப்படி என்றாள். நல்லபடியாக என்றேன்.

இந்நேரம் ஆபரேஷன் நடக்கும். அடுத்த லாரி கிடைத்திருக்கும் — கிடைக்கலேன்னா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்னடி கேடு? தூ.

செப்டம்பர் 6, வெள்ளி

விமான நிலையத்தில் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அங்க ஒருத்தரையும் தெரியாதும்மா. வரிசைல நான் கொஞ்சம் அந்தாண்ட போனா, ‘இந்தப் பொண்ணு இருக்கா, இப்ப வந்துடுவா’ன்னு நம்ம ஆளுங்க மாதிரி சொல்றதுக்கு யார் இருப்பா?"

"இருப்பாங்கடி" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

நிமிர்ந்தபோது அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.