அலீனாவுக்கு இரண்டு வகை பீன்ஸ்

டிசம்பர் 12, வியாழன்

மஹ்ஜபீன் பதில் போட்டுவிட்டாள். லீவுக்குப் பாடியில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்கு வருகிறார்களாம். இருபத்திரண்டாம் தேதி மதியம் எங்கள் மகள் அலீனாவை இங்கே அனுப்புவாளாம். இரவு தங்குவது பிள்ளையின் விருப்பமாம்.

மஹ்ஜபீன் என்னைப் பிரிந்து, வேறு நிக்காஹ் செய்துகொண்டு பிள்ளையோடு அமெரிக்கா போய் ஐந்து வருடம். நான் போனில் மட்டும்தான் அத்தா. என்ன சமைக்கட்டும் என்று கேட்டதற்கு 'சில்லி' என்று எழுதி, சேர்மானமும் அனுப்பியிருக்கிறாள். பீன்ஸும் கைமாவும் போட்டுக் கெட்டியாக வைக்கிற அந்த ஊர்க் குழம்பு. பீன்ஸில் சிவப்பு, கருப்பு இரண்டும் வேண்டுமாம்.

தங்க மாட்டாள். எனக்குத் தெரியும்.

டிசம்பர் 14, சனி

பூந்தமல்லி போனேன். சிவப்புக்கு ராஜ்மா கிடைத்தது. கருப்பு இல்லை. "நம்ம கடைல கருப்புன்னா உளுந்துதான் கீது பாய்" என்றார் கடைக்காரர் கலீல் ரகுமான். கருப்புக் காராமணியை வாங்கி வந்தேன். இதை வைத்து யாரை ஏமாற்றப் போகிறேன்?

டிசம்பர் 15, ஞாயிறு

ராஜ்மா, தக்காளி, குடைமிளகாய், கைமா, எல்லாம் ஒன்றாகக் குக்கரில். விசில் மேல் விசில். கைமா கரைந்துவிட்டது, ராஜ்மா கல் மாதிரி கிடக்கிறது. ஒரு குழம்பு வைக்கத் துப்பில்லை, நானெல்லாம் ஒரு அத்தா.

டிசம்பர் 16, திங்கள்

எதிர்வீட்டு அனுசுயா அக்கா ஒரு பீன்ஸை வாயில் போட்டுப் பார்த்துத் துப்பினார். "போர் தண்ணில போட்டா எப்டி வேவும் தம்பி? கேன் தண்ணி ஊத்து. வெந்தப்புறமா தக்காளி போடு. புளிப்பு பட்டா அது வேவாது."

டிசம்பர் 18, புதன்

வெந்தது. விரலால் அழுத்தினால் மசிகிறது. அம்பத்தூரில் கருப்பு பீன்ஸும் டின்னில் கிடைத்துவிட்டது. சீரகத்தை வறுத்துப் பொடித்தேன். காரத்துக்குக் காஷ்மீரி மிளகாய் போதும், பிள்ளை தாங்க மாட்டாள் — தாங்குவாளோ என்னவோ. அதுகூடத் தெரியவில்லை எனக்கு.

கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கியிருக்கிறேன். எதற்கு வாங்கினேன்?

டிசம்பர் 22, ஞாயிறு

வந்தாள். நன்றாக வளர்ந்துவிட்டாள். ஸலாம் சொல்லிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். இரண்டு கரண்டி வைத்தேன்.

"அப்படியே டாடி பண்றது மாதிரியே இருக்கு" என்றாள்.

டாடி என்றால் மஹ்ஜபீனின் கணவர். இத்தனை நாளும் நான் மாய்ந்து மாய்ந்து பழகியது அந்த மனுஷனுடைய சமையலை.

ராத்திரி இருக்கியாம்மா என்று கேட்டேன். "டாடி கீழே கார்ல வெயிட் பண்றாரு." வந்த நேரத்திலிருந்தே அவர் அங்கேதான் இருக்கிறார். அப்படியென்றால் முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். கொஞ்சம் தயங்கி, "அவருக்கும் கொஞ்சம் தர்றீங்களா அத்தா?" என்றாள்.

மாட்டேன் என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? கைமா நிறைய வரும்படி அடியிலிருந்து அள்ளி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கிக் கொடுத்தேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

டிரைவர் ஒருவர் வந்து டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் காலை விமானத்தில் கிளம்பிவிட்டார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

பளிச்சென்று கழுவி, வெறும் டப்பாவாகத் திருப்பக் கூடாது என்று உள்ளே சர்க்கரை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் செய்கிற முறை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

சாயங்காலம் டீக்கு அந்தச் சர்க்கரையைத்தான் போட்டேன்.