செப்புத் தகட்டில் எங்கள் கோயில்

செவ்வாய், ஒக்ரோபர் 7

தூறல். வேலையில் அரைநாள் லீவு. அருங்காட்சியகத்தில் ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், பழைய தேவாலய அச்சுப் படங்களை மறுபடியும் பார்த்தேன். உயர்ந்த தூண்கள், வெள்ளைச் சுவர், சாய்ந்து விழும் வெளிச்சம். ஒரு சுருவம், ஒரு புனிதர் சிலை கிடையாது. நட்டநடுவில் நாய் நிற்கிறது. யாழ்ப்பாணத்தை ஆண்டபோது எங்கள் கத்தோலிக்கச் சுருவங்களை அகற்றியவர்கள். ஆனாலும் கோட்டுப்படமாய்த் தூண் கீற அவர்களை அடிக்க ஆளில்லை.

என் படமும் அதே முறைதான். செப்புத் தகட்டில் மெழுகு, ஊசியால் கீறல், பிறகு அமிலம், கடைசியில் மை பூசித் தாளில் அச்சு. கீறியது லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் கோயிலின் உட்புறம், சுருவம் ஒன்று விடாமல். அவர்களுடைய வித்தையில் எங்கள் அந்தோனியார். நினைக்க நினைக்க நெஞ்சு நிமிர்கிறது.

ஞாயிறு எங்கள் கோயில் பாதருக்குப் பிரியாவிடை. மாற்றலாகிப் போகிறார். பங்குச் சனத்தின் பரிசு இந்தப் படம். நானே கேட்டு வாங்கிய பொறுப்பு.

வாங்க வேண்டியது: பால், மீன், மனைவி ரெஜினாவின் மாத்திரை.

வியாழன், 9

அச்சுக்கலை மாலை வகுப்பில் அச்சு எடுத்தாயிற்று. ஒவ்வொரு தூணும் நூல் பிடித்ததுபோல். கட்டட வரைபடம் கீறும் கை சும்மாவா. வீட்டு மேசையில் விரித்து மனைவியைக் கூப்பிட்டேன்.

"அந்தோனியார் ஏன் மாதா நிக்கிற பக்கம் நிக்கிறார்?"

அப்போதுதான் கண்டேன். தகட்டில் பார்த்தபடி கீறினால் தாளில் இடம் வலம் மாறி விழும். முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். ஓரத்தில் என் பெயரை மட்டும் மறக்காமல் திருப்பி எழுதியிருக்கிறேன்.

"ஒல்லாந்தரிலயும் சிலபேர் இப்பிடி விட்டிருக்கினம்."

"அவையின்ர கோயில்ல அந்தோனியார் இல்லையே."

ரெஜினாவிடம் வாய் கொடுக்கக்கூடாது.

சனி, 11

மழை. புதுத் தகடு கீற நேரமில்லை. பங்குச் சபைத் தலைவர் அன்ரன் அண்ணை வந்து பார்த்தார்.

"தம்பி, கீறினது திறம். ஆனா சனம் சிரிக்கும். ஒரு சுவர் மணிக்கூடு வாங்கிக் குடுப்பம்."

"இல்லை அண்ணை. இதைத்தான் குடுக்கிறன்."

பிழைதான். ஆனால் நல்ல படம். மணிக்கூட்டுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஞாயிறு, 12

பூசை முடிந்து மண்டபம். எல்லோர் முன்னாலும் பாதர் உறையைப் பிரித்தார். பின்னால் யாரோ, "அந்தோனியார் இடம் மாறி நிக்கிறார்." சிரிப்பு.

பாதர் படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"எங்க மாறி நிக்கிறார்? பீடத்தில நிண்டு சனத்தைப் பாக்கேக்க எனக்கு அவர் இந்தக் கைப்பக்கம்தான். இவ்வளவு வருசமும் நான் பாத்த பக்கம் இது."

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. வேண்டுமென்றே கீறியவன்போல் தலையை ஆட்டினேன். ரெஜினா என் காலை மிதித்தாள்.